செருப்பு ஏந்தி நின்ன ஆளு

மொதல்லயே சொல்லிப்புடுறேன் தம்பி, பேய் பிசாசுன்னு எவனாச்சும் பேச்செடுத்தா எந்திரிச்சுப் போயிர்ற ஆளு நான். வாலிபத்துல கறுப்புச்சட்டை போட்டுத் திரிஞ்சவன். அமாவாசையன்னைக்குச் சுடுகாட்டுல உக்காந்து பொரிகடலை தின்னுருக்கேன், பந்தயம் கிந்தயம் இல்ல, எங்க தெருக்காரன் ஒருத்தன் காத்துக்கருப்புன்னு பயந்து கிடந்தான், அவனுக்குத் தெளியட்டுமேன்னு. எங்கய்யா காலத்துல பெரிய தெருவுக்குள்ள போனா தோள்ல கிடக்குற துண்டை எடுத்துக் கக்கத்துல வச்சிக்கிட்டுத்தான் போகணும். எங்கய்யா அப்பிடிப் போறதை நான் சின்னப்பயலா இருக்கையில பாத்திருக்கேன். வெவரம் தெரிஞ்ச நாள்ல அவருகிட்டயே சொன்னேன், செத்தாலும் எவன் முன்னாடியும் துண்டை எடுக்க மாட்டேன்னு. அவரு வெத்தலையைத் துப்பிட்டுப் போயிட்டாரு.

இப்ப சொல்லப்போறதும் ராத்திரி நடந்தது இல்ல. நல்ல உச்சி வெயில். அதனாலதான் எனக்கு அதை ஒதறித் தள்ள முடியல.

எம் பொழப்பு போர்டு எழுதுறது. சுருட்டுக் கடை, தோல் மண்டி, பூட்டுக் கடை, சினிமாக் கொட்டகைத் தட்டி, திண்டுக்கல்லுல பாதி எழுத்து என் கையி. ஜமீனை எல்லாம் ஒழிச்சு பத்துப் பன்னெண்டு வருசம் இருக்கும், அப்ப ஒரு வேலை வந்துச்சு. வேடசந்தூருக்கு அங்கிட்டு, ஊர் பேரு வேணாம், ஒரு பழைய பாளையக்காரர் அரண்மனை. நாயக்கர் காலத்துக் கட்டடம்பாக. வாரிசுக கதவு சன்னலைக் கழட்டி வித்துட்டு ஆளுக்கொரு பக்கம் போயிட்டாக, ராசா உக்காந்த தர்பார் மண்டபத்துல ஆட்டுக் கிடை போட்டிருந்தாங்க. அதை ஒரு பஞ்சாலை முதலாளி வாங்குனாரு. இடிச்சுப் பஞ்சு குடோன் கட்டுவாருன்னுதான் எல்லாரும் நெனச்சோம். அவரு என்னடான்னா எல்லாத்தையும் பழையபடியே ஆக்கணும்னுட்டாரு. தூண் தலையில உடைஞ்சு போன சுதைக் கிளி, கூரைப் பலகையில அழிஞ்சு போன தாமரை, ராசா மேடைக்குப் பின்னாடி சுவர் முழுக்க எழுதியிருக்குற படம், எல்லாம் அன்னைக்கு எப்பிடி இருந்துச்சோ அப்பிடி.

சுதை வேலைக்கும் பூச்சு வேலைக்கும் பேகம்பூர் காதர் பாய். அவரு சுண்ணாம்பை அரைச்சு, கடுக்காத்தண்ணி, கருப்பட்டி எல்லாம் விட்டுப் புளிக்க வச்சு, முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைச்சாருன்னா சுவத்துல மூஞ்சி பாத்து மீசை ஒதுக்கலாம். படத்துக்கு நான். பாய்தான் என்னைய இழுத்துட்டுப் போனாரு. எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு, ராசா கொட்டத்தை ஒழிக்கணும்னு எழுதுற கையி ராசா மீசைக்கு மை தீட்டப் போகுதேன்னு. பாய் சிரிச்சாரு. “சுவரு என்னடா பாவம் பண்ணுச்சு பெயிண்டரே, வா.”

படம் கரியும் வௌவால் எச்சமுமா கிடந்துச்சு. கோதுமை மாவைப் பிசைஞ்சு உருட்டி, ஒத்தி ஒத்தி எடுத்தேன். ரெண்டு மாசம். மாவு கறுக்கக் கறுக்க உள்ள இருந்து ஒவ்வொருத்தரா வெளிய வாராக. நடுவுல ராசா, பக்கத்துல சாமரம் வீசுற பொம்பளைக, மந்திரி, குதிரைக்காரன். கடைசியா இடது மூலையில ஒரு ஆளு. மேலுக்குத் துணி இல்ல, துண்டு இடுப்புல, முதுகு வளைஞ்சு, ரெண்டு கையிலயும் ஒரு சோடி செருப்பை நெஞ்சோட ஏந்திக்கிட்டு நிக்கிறான். எழுதுனவன் அந்தச் செருப்புல தைச்ச மணி ஒவ்வொன்னையும் அம்புட்டு அழகா எழுதியிருக்கான், அந்தாளு மூஞ்சியில மூக்கை ஒழுங்கா வைக்கல.

முதலாளி வந்து பாத்தாரு. மத்த எல்லாத்தையும் தடவித் தடவிப் பாத்தவரு அந்த மூலைகிட்ட வந்ததும் நின்னுட்டாரு.

“இவன் மட்டும் வேணாம். எடுத்துரு.”

“பழையபடியே வேணும்னீங்களே?”

“எடுத்துருன்னா எடுத்துரு.” பையில இருந்து ஒரு போட்டோவை எடுத்துக் குடுத்தாரு. கண்ணாடி போட்ட ஒரு பெரியவரு, செவந்த மேனி, கண்ணுல ஒரு கண்டிப்பு. “எங்கய்யா. அந்த எடத்துல இவரை எழுது. நாற்காலி போட்டு. கால்மேல கால் போட்டிருக்கணும்.”

அவரு போன பெறகு பாய்தான் எனக்கு வெவரம் சொன்னாரு. முதலாளியோட அய்யா வாலிப வயசுல இதே அரண்மனையில செருப்புத் தூக்குனவராம். ராசா தர்பாருக்கு வந்து மேடை ஏறுற வரைக்கும் முன்னாடியே செருப்பை ஏந்திக்கிட்டுப் பின்னங்காலால, பின்பக்கமாவே நடக்கணுமாம், ராசாவுக்கு முதுகு காட்டக்கூடாதுல்ல. ஒரு நாள் ஓடிப்போய் மதுரையில பஞ்சு மூட்டை தூக்கி, தரகு பாத்து, மேல வந்துட்டாரு. மகன் ஆலையே வச்சிட்டான்.

உண்மையச் சொல்றேன், எனக்கு அன்னைக்குச் சந்தோசம் தாங்கல. செருப்புத் தூக்குனவன் மகன் அரண்மனைய வாங்கி அப்பனை ராசாவுக்குச் சமமா உக்கார வைக்கிறான், இதுக்கு மேல என்ன வேணும்? பாய் செத்த யோசிச்சாரு, பழைய படத்தைச் சொரண்டுறது பாவம்னாரு. நான்தான் கொத்துக் கரண்டியை எடுத்து அந்தக் குனிஞ்ச முதுகைச் சொரண்டிக் கீழ தள்ளுனேன். கல்லு தெரியிற வரைக்கும். பாய் புதுசாப் பூசிக் குடுத்தாரு, காய்ஞ்சதும் பெரியவரை எழுதுனேன், தேக்கு நாற்காலி, வெள்ளை ஜிப்பா, கால்மேல கால்.

மூணாம் நாளு பாத்தா பெரியவரு மடியில ரெண்டு பழுப்புக் கறை. நீளவாக்குல, சோடியா. பாய் பாத்துட்டு, “கல்லுல பழைய எண்ணெய் ஊறியிருக்கும், அது மேல வருது”ன்னாரு. சரின்னு மறுபடி பூசி எழுதுனேன். மறுபடி வந்துச்சு. மூணு தரம். நான் அதுக்கு இன்னைக்கும் எண்ணெய்னுதான் சொல்லுவேன். அதை நான் கணக்குல சேக்கல.

அன்னைக்கு வெள்ளிக்கிழமை. பாய் காலையிலயே மேடைக்கு முன்னாடி தரையில பெயர்ந்து கிடந்த எடத்துக்குப் புதுச் சுண்ணாம்பு போட்டு இழைச்சு முடிச்சிருந்தாரு, ரெண்டு ஆளு படுக்குற அகலம் இருக்கும். “எவனும் மிதிச்சிராதீகடா”ன்னு சொல்லிட்டு சைக்கிள்ல வேடசந்தூர்ப் பள்ளிவாசலுக்குத் தொழுகைக்குப் போயிட்டாரு. மத்த ஆளுக வெளிய புளிய மரத்தடியில சாப்பாட்டுல இருந்தாக. நான் மட்டும் உள்ள, அந்த மடிக் கறைக்கு முன்னாடி நின்னு என்ன செய்யிறதுன்னு யோசிச்சிக்கிட்டு இருந்தேன்.

கார் சத்தம் கேட்டுச்சு. முதலாளி வாசல்லயே நின்னு கதவு வேலைக்காரங்ககிட்ட சத்தம் போட்டுக்கிட்டு இருந்தாரு. அவங்கய்யா, நான் எழுதுன அந்தப் பெரியவரு மட்டும் கம்பை ஊனிக்கிட்டு உள்ள வந்தாரு. எம்பது வயசு இருக்கும், ஆனா ஆளு நல்ல தெளிவு. தோள்ல சரிகைத் துண்டு, கால்ல புதுச் செருப்பு. சுவத்தைச் செத்த நேரம் பாத்தாரு.

“நீதான் எழுதுனியா?”

“ஆமாய்யா.”

“கால இறக்கு.”

எனக்குப் புரியல.

“நான் என்னைக்கும் கால்மேல கால் போட்டு உக்காந்ததில்ல. இது நானில்ல, எம் மகன்.”

“இனிமே போடலாம்யா. உங்க வீடுதானே.”

அவரு என்னையத் திரும்பிப் பாத்தாரு, சிரிப்பு மாதிரி ஒன்னு வந்துச்சு, ஏதோ சொல்ல வாயைத் தொறந்தாரு. அப்பத்தான் அது கேட்டுச்சு.

மேடைக்கு வலது பக்கம் ஒரு வாசல் இருந்துச்சு, ராசா உள்கட்டுல இருந்து வார வாசல். அதை எப்பவோ செங்கல் வச்சு அடைச்சிட்டாக. அந்த அடைச்ச வாசலுக்குப் பின்னாடி இருந்து ஒரு ஆளு தொண்டையைச் செருமுன சத்தம். வேலையாளு செருமல் இல்ல தம்பி அது. நான் வாரேன், வழி விடுங்கன்னு சொல்றதுக்குச் செருமுவானுகள்ல, அந்தச் செருமல்.

பெரியவரு கையில இருந்து கம்பு விழுந்துச்சு. அவரு பாட்டுக்குத் துண்டை உருவி இடுப்புல சுத்துனாரு. செருப்பைக் கழட்டி ஒதுக்குனாரு. குனிஞ்சு தரையில இருந்து எதையோ எடுக்குற மாதிரி ரெண்டு கையையும் சேத்து எடுத்து நெஞ்சோட வச்சாரு. கையில ஒன்னும் இல்ல. ஆனா விரலு அது கனத்துக்கு ஏத்த மாதிரி விரிஞ்சிருக்கு. கம்பில்லாம நடக்க முடியாத மனுசன், பின்னங்காலால நடக்க ஆரம்பிச்சாரு. ஒரு தடுமாத்தம் இல்ல. நேரா பாய் போட்ட ஈரத்துல போறாரு.

அடுத்து தரையில சத்தம். ஈரச் சுண்ணாம்புல கால் வச்சு எடுத்தா வருமே, சளக், சளக்னு, அது. பெரியவரு கால் சத்தம் ஒன்னு, அவருக்கு எதுக்க இன்னொன்னு. அது கனமான ஆளு நடை. அவசரமே இல்லாத நடை. என் பக்கத்துல வந்து நின்னுச்சு.

“ஏலே.”

அம்புட்டுத்தான். ஒரே ஒரு வார்த்தை. கோவமா இல்ல, சத்தமா இல்ல. அவரைச் சொல்லுச்சா, என்னையச் சொல்லுச்சான்னு தெரியாது.

யாரு நின்னான்னுதானே கேப்பீங்க? எல்லாரும் அதைத்தான் கேப்பாக. தெரியாது. பாத்திருந்தாத்தானே சொல்ல. என் துண்டு என் கக்கத்துல இருந்துச்சு. என் கை என் வாயைப் பொத்தியிருந்துச்சு. முதுகு வளைஞ்சு நான் அந்த ஈரத்தோட ஓரமா ஒதுங்கி, தரையைப் பாத்துக்கிட்டு நின்னேன். எப்ப எடுத்தேன், எப்பக் குனிஞ்சேன், சத்தியமாத் தெரியாது. தலையத் தூக்கலாம்னு தோணவே இல்ல. தரையில நான் பாத்தது இதுதான்: வெள்ளைச் சுண்ணாம்புல பெரியவரு தடத்துக்கு எதுக்க ஒரு அகலப் பாதம் பதியுது, அஞ்சு விரலும் அழுந்துது, அது மேல கால் இல்ல. ஒன்னு. பெறகு அடுத்தது. மேடைப் பக்கம் போயிருச்சு.

“அய்யா!”

முதலாளி குரல். வாசல்ல நிக்கிறாரு. அவரு கண்ணுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. சரிகைத் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு, சுண்ணாம்புக் காலோட, வெறுங்கையை ஏந்திக்கிட்டு அப்பன் குனிஞ்சு நிக்கிறான். பக்கத்துல பெயிண்டர்காரன் வாயைப் பொத்திக்கிட்டு அதே மாதிரி நிக்கிறான். நான் நடிச்சுக் காட்டுறேன்னு நெனச்சிட்டாரு. வந்து பளார்னு விட்டாரு.

“எங்கப்பனைக் குனிய வச்சு வேடிக்கை பாக்குறியாடா? ஊருக்குள்ள சொல்லிச் சிரிக்கவா?”

அந்த அடி விழுந்த பெறகுதான் என் முதுகு நிமிந்துச்சு. இதை நெனச்சா இன்னைக்கும் எனக்குக் கசக்குது. ஒருத்தன் அடிச்சு என்னைய நிமித்த வேண்டியிருந்துச்சு.

பெரியவரைக் கைத்தாங்கலாக் கார்ல ஏத்திட்டாக. முதலாளி போறப்போ, இந்தத் தரையும் அந்தப் படமும் நாளைக்கு இங்க இருக்கக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாரு. பாய் தொழுகை முடிச்சு வந்து தரையைப் பாத்தாரு. குத்துக்கால் வச்சு உக்காந்து செத்த நேரம் பாத்தாரு.

“பெயிண்டரே, ஓரத்துல இருக்குறது உன் காலு. பின்பக்கமா நடந்து போயிருக்குறது பெரியவரு காலு. நடுவுல அதுக்கு எதுக்க வந்திருக்கே, இது யாரு?”

அவரு என் கன்னத்தைப் பாத்தாரு. அதுக்கு மேல கேக்கல. கொத்துக் கரண்டியை எடுத்து மொத்தத்தையும் பேத்துப் போட்டாரு, புதுசாப் பூசுனாரு. மூலையில நான் எழுதுன படத்து மேலயும் வெள்ளையை அடிச்சாரு. செருப்புத் தூக்குனவனும் இல்ல, நாற்காலியில உக்காந்தவனும் இல்ல. வெறும் சுவரு. அப்பிடியே புதுமனைப் புகுவிழா வச்சாக, திண்டுக்கல்லுல இருந்து கார் காரா ஆளுக போனாங்களாம். எனக்குச் சொல்லி விடல. பெரியவரும் போகலன்னு கேள்விப்பட்டேன்.

ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு பெரியவரு எனக்கு ஆள் அனுப்புனாரு. போக வேணாம்னுதான் நெனச்சேன், கன்னத்துல இன்னும் வலி இருந்துச்சு. ஆனாப் போனேன். ஊருக்குள்ள பெரிய பங்களா. மாடி அறையில கட்டில்ல சாஞ்சிருந்தாரு. மகன் வீட்டுல இல்லாத நேரமாப் பாத்துத்தான் கூப்பிட்டிருக்காரு. கதவைச் சாத்தச் சொன்னாரு.

“எம் மகன் கை நீட்டிட்டான். அவனுக்கு ஒன்னும் தெரியாது. மனசுல வைக்காத.”

நான் தலையாட்டுனேன்.

“நீயும் கேட்டியா?”

“கேட்டேன்யா.”

“ஏலேன்னு?”

“ஆமா.”

அவரு பெருமூச்சு விட்டாரு. எனக்கு ஒரு சின்ன ஆறுதலு, சரி, இவரு செருப்புத் தூக்குன ராசாதான், இவருக்கு அந்த ஞாபகம், எனக்கு இவரைப் பாத்து ஒட்டிக்கிச்சு, இப்பிடி எதாச்சும் சொல்லி முடிச்சுக்கலாம்னு. கேட்டே புட்டேன். “நீங்க செருப்புத் தூக்குனீகளே, அந்த ராசாவாய்யா?”

இல்லேன்னு தலையாட்டுனாரு.

“எங்க ராசா ஒல்லி. கால் மெலிசு, கீச்சுக் குரலு. எனக்கு அவரு நடை தூக்கத்துலயும் தெரியும். அன்னைக்கு வந்தது அவரு இல்ல அப்பு. யாருன்னே எனக்குத் தெரியல.” கையை விரிச்சுக் காட்டுனாரு. “யாருன்னே தெரியாம குனிஞ்சிருக்கோம், நீயும் நானும்.”

கீழ யாரோ வெஞ்சனம் தாளிக்கிற சத்தம் கேட்டுச்சு. பெறகு அவரு மெதுவாக் கேட்டாரு.

“குனிஞ்சப்ப உனக்கு என்ன தோணுச்சு?”

“கோவமா வந்துச்சுய்யா. அவமானமா இருந்துச்சு.”

அவரு என்னையப் பாத்துக்கிட்டே இருந்தாரு. பொய்யின்னு சொல்லல. கண்ணை மூடிக்கிட்டாரு, போயிட்டு வான்னு கையைக் காட்டுனாரு. அதுதான் நான் அவரைக் கடைசியாப் பாத்தது, அந்த வருசம் ஐப்பசி மழையில போயிட்டாரு. எழவுக்குப் போனேன், கூட்டத்துல பின்னாடி நின்னுட்டு வந்தேன்.

தரைத் தடத்துக்கு எவனாச்சும் ஒரு காரணம் சொல்லலாம். சத்தத்துக்கும் சொல்லலாம், பழைய கட்டடம், அடைச்ச வாசல்ல காத்து புகுந்திருக்கும்னு. நானே சொல்லிப் பாத்திருக்கேன். அதெல்லாம் இப்ப என்னையத் தொந்தரவு பண்ணல. அன்னைக்கு அவருகிட்டச் சொன்னேனே அந்தப் பொய்யி, அதுதான் என்னைய விடமாட்டேங்குது. கட்டுன பொண்டாட்டிகிட்டச் சொல்லல, எங்க ஆளுககிட்டச் சொல்லல, உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றேன். கோவமும் வரல, அவமானமும் வரல. அந்த மண்டபத்துல வாயைப் பொத்திக் குனிஞ்சு நின்னேனே, அந்தச் செத்த நேரம், எனக்கு அம்புட்டு நிம்மதியா இருந்துச்சு தம்பி. நாள் முழுக்கச் சாரத்துல நின்னவனை எறங்கி உக்காருன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு.